ஒகவாங்கோ சஃபாரி கேம்ப்: முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

ஆப்பிரிக்க சஃபாரி என்றதும் காய்ந்த புல்வெளியும் ஜீப்பும்தான் கண்முன் வரும். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவுக்குப் போகிறீர்கள் என்றால் அந்தப் படத்தைக் கொஞ்சம் அழித்துவிட்டுத் தொடங்குங்கள். அங்கே எந்த மாதம் போவது, எந்த கேம்ப், ஜீப்பா படகா என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது தண்ணீர். முதல்முறை போனபோது எனக்கு இது தெரியாது. படங்களைப் பார்த்து மயங்கி ஒரு கேம்பில் இடம் பிடித்தேன். மூன்று நாளும் படகிலேயே கழிந்தன. பக்கத்துத் தீவில் சிங்கம் உறுமிக்கொண்டிருந்தது, கிட்டே போகத்தான் வழியில்லை.

படி 1: தண்ணீரின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒகவாங்கோ ஆறு அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பிறக்கிறது. நமீபியாவின் ஒரு குறுகலான நிலத்துண்டைக் கடந்து, போட்ஸ்வானாவின் கலஹாரி மணலில் விரிந்து, அங்கேயே முடிந்துவிடுகிறது. கடலைப் பார்ப்பதே இல்லை. பெரும்பகுதித் தண்ணீரை வெயிலும் செடிகொடிகளும் குடித்துவிடுகின்றன.

அங்கோலாவில் மழை கொட்டுவது ஆண்டின் தொடக்க மாதங்களில். ஆனால் டெல்டா மேசைபோலத் தட்டை. வெள்ளம் பாப்பிரஸ் கோரைகளுக்குள் ஊர்ந்து ஊர்ந்து கீழே வந்து சேர மாதங்கள் ஆகின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் டெல்டா நிரம்பி நிற்கும். போட்ஸ்வானாவில் அப்போது மழையே கிடையாது. சுற்றிலும் காடு காய்ந்து கிடக்க, இங்கே மட்டும் வெள்ளம். யானையும் எருமையும் இங்கே வந்து குவிவது அதனால்தான். 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1000ஆவது இடமாகச் சேர்ந்தது இந்த டெல்டாதான்.

அந்த ஊர்ப் பணத்துக்குப் பெயர் புலா. செட்ஸ்வானா மொழியில் புலா என்றால் மழை. தண்ணீரின் அருமையைப் பணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

படி 2: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை படகுக்கும் ஏற்றது, விலங்குகளுக்கும் ஏற்றது. விலையும் உச்சத்தில் இருக்கும். நல்ல கேம்ப்களில் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுவது சர்வசாதாரணம். குறைவான பேர், அதிக விலை என்பதுதான் போட்ஸ்வானா அரசின் சுற்றுலாக் கொள்கை. பத்துப் பன்னிரண்டு கூடாரங்களுக்கு மேல் இருக்கிற கேம்ப் அபூர்வம். செப்டம்பர், அக்டோபரில் தண்ணீர் வடியும், விலங்குகள் மிச்சமுள்ள நீரைச் சுற்றிக் கூடும், வெயில் 40 டிகிரியைத் தொடும். நவம்பர் முதல் மார்ச் வரை உள்ளூர் மழைக்காலம். புல் உயரமாக வளர்ந்திருப்பதால் விலங்குகளைத் தேட வேண்டும், ஆனால் குட்டிகள் பிறக்கும், பறவைகள் நிறைய வரும், கட்டணமும் கணிசமாக இறங்கும். பறவைப் பிரியர் என்றால் யோசிக்காமல் இந்தக் காலத்தில் போங்கள்.

படி 3: ஒரு கேம்ப் அல்ல, இரண்டு

தொடக்கநிலையில் பலர் தவறு செய்வது இங்கேதான். கேம்ப்களை நீர் கேம்ப், நில கேம்ப் என்று பிரித்துச் சொல்வார்கள். நீர் கேம்பில் மோட்டார் படகும், கழியால் ஊன்றித் தள்ளுகிற மொகோரோ என்ற சிறு படகும் உண்டு, ஜீப் ஓட்டம் வெள்ளக் காலத்தில் இல்லாமலே போகலாம். நில கேம்பில் அப்படியே தலைகீழ். ஆறு இரவுகள் இருந்தால் மூன்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீர் கேம்ப் முதலில், நில கேம்ப் பிறகு.

இன்னொரு கேள்வியையும் முன்பதிவுக்கு முன் கேளுங்கள்: கேம்ப் மொரேமி காப்புக்காட்டுக்குள் இருக்கிறதா, தனியார் குத்தகைப் பகுதியிலா? மொரேமி அழகுதான். படாவானா மக்கள் 1963இல் தங்கள் சொந்த நிலத்திலேயே உருவாக்கிய காப்புக்காடு அது. ஆனால் உள்ளே பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது, இரவில் சுற்றவும் முடியாது. தனியார் பகுதியில் இரண்டுக்கும் அனுமதி உண்டு. புதருக்குள் படுத்திருக்கும் சிறுத்தையைப் பின்தொடர்ந்து போக முடிவது இதனால்தான். குளிக்கிற தொட்டி செம்பா பீங்கானா என்று பார்ப்பதைவிட இதைப் பாருங்கள்.

குழந்தைகளோடு போகிறீர்களா? பல கேம்ப்களில் வயது வரம்பு உண்டு. முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 4: தாள்களும் தடுப்பு மருந்தும்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை, இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலோர் ஜோகன்னஸ்பர்க் வழியாக, டெல்டாவின் வாசலில் இருக்கிற மாவுன் ஊருக்குப் போவார்கள். மலேரியா உள்ள பகுதி என்பதால் மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கென்யா, எத்தியோப்பியா வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விதியை விசாரியுங்கள். அவசரத்துக்கு விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கிற காப்பீடு எடுங்கள், காட்டுக்குள் ஆம்புலன்ஸ் வராது.

படி 5: பை

மாவுனிலிருந்து கேம்புக்குச் சிறு விமானம். மண் ஓடுதளங்களில் விளக்கு கிடையாது, பகலில் மட்டுமே பறப்பார்கள். மாவுனுக்கு மாலையில் வந்திறங்கினால் ஓர் இரவு அங்கேயே தங்க வேண்டியதுதான். எடை வரம்பு பொதுவாக 20 கிலோ, கைப்பையும் கேமராவும் சேர்த்து. சக்கரம் வைத்த கெட்டி சூட்கேஸ் விமானத்தின் வயிற்றுக்குள் நுழையாது, மடங்குகிற துணிப் பைதான் வேண்டும். உங்கள் உடல் எடையையும் கேட்பார்கள். கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள், விமானி கணக்குப் போட வேண்டும்.

துணி அதிகம் வேண்டாம், கேம்பிலேயே துவைத்துத் தருவார்கள். உள்ளாடையை மட்டும் நாமே துவைத்துக்கொள்ளச் சொல்கிற கேம்ப்கள் உண்டு. அது அந்த ஊர் வழக்கம், சோப்புத் தூள் குளியலறையிலேயே இருக்கும். காக்கி, மண் நிறம், பாசிப்பச்சை போதும். ராணுவ உடைபோன்ற புள்ளித் துணி வேண்டவே வேண்டாம். ஜூலை விடியலில் 5 டிகிரி வரை இறங்கும், ஸ்வெட்டரும் குல்லாவும் எடுத்துவையுங்கள். ஒரு நல்ல செய்தி, நம் வீட்டு 15 ஆம்பியர் தடித்த பிளக் பல இடங்களில் அப்படியே பொருந்தும்.

சைவம் என்றால் முன்பதிவின்போதே எழுதிக் கொடுங்கள். முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அவர்கள் கணக்கில் முட்டையும் சைவம்தான்.

படி 6: முதல் இரவு

கேம்பைச் சுற்றி வேலி இல்லை. இருட்டிய பிறகு கூடாரத்திலிருந்து சாப்பாட்டு இடத்துக்குத் தனியாக நடக்கக் கூடாது, ஆள் வந்து கூட்டிப்போவார். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதல்ல. என் முதல் இரவில் கூடாரத்தின் துணிச்சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கோணிப்பையைக் கிழிப்பதுபோல் ‘சரக்... சரக்...’ என்று ஒரே சீரான சத்தம். நடுவில் பெருமூச்சு. நீர்யானை புல் மேய்ந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும், இரவில்தான் கரையேறும். அப்படி நேர்ந்தால் விளக்கடித்துப் பார்க்காதீர்கள், வெளியே வராதீர்கள். கூடாரத்தில் ஊதல் கொடுத்திருப்பார்கள். அது உண்மையான ஆபத்துக்கு மட்டும், பல்லிக்கு அல்ல.

காலை ஐந்தரைக்கு எழுப்புவார்கள். குளிர்காலத்தில் ஜீப் சீட்டில் உறை போட்ட வெந்நீர்ப் பை ஒன்று காத்திருக்கும், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கைடைப் பார்த்ததும் ஆண் என்றால் ‘டுமேலா ரா’, பெண் என்றால் ‘டுமேலா மா’ என்று வணக்கம் சொல்லுங்கள். அதன்பிறகு அவர் காட்டித் தருகிற காடே வேறு.

படி 7: மொகோரோ

முன்பு மரத்தைக் குடைந்து செய்வார்கள். மரங்களைக் காப்பாற்ற இப்போது பெரும்பாலும் ஃபைபர். பின்னால் ஒருவர் நின்று நீண்ட கழியால் ஊன்றித் தள்ளுவார். நீங்கள் தரைமட்டத்தில் காலை நீட்டி உட்கார வேண்டும், சட்டென்று எழக் கூடாது, தண்ணீரில் கையை விடக் கூடாது, முதலைகள் உண்டு. ஆழத்தில் நீர்யானை இருக்கும் என்பதால் ஆழமில்லாத ஓரங்களிலேயே போவார்கள்.

மோட்டார் இல்லை. அல்லித் தண்டுகள் படகின் பக்கவாட்டில் உரசும் சத்தம் மட்டும். கழிக்காரர் திடீரென்று நின்று ஒரு கோரையைக் காட்டினார். ஒன்றும் தெரியவில்லை. கிட்டே போனால் கட்டைவிரல் நகம் அளவில், வரிவரியாகச் சாயம் பூசியதுபோல் ஒரு தவளை. சாயங்காலம் மணி கிலுக்குவதுபோல் கேட்கிற சத்தம் இதுகளுடையதுதான். தூரத்தில் மேடாகத் தெரிகிற தீவுகளைக் காட்டி, அவற்றில் பல கறையான் புற்றாகத் தொடங்கியவை என்றார். வெள்ளத்துக்கு மேலே நிற்கிற புற்றில் பறவை உட்காரும், எச்சத்தில் விதை விழும், மரம் முளைக்கும், மண் சேரும். அப்புறம் அது தீவு.

படி 8: கிளம்பும் நாள்

டிப்ஸ் கைடுக்குத் தனியாக, மற்ற ஊழியர்களுக்குப் பொதுப் பெட்டியில். எவ்வளவு என்று கேம்பின் கையேட்டிலேயே பெரும்பாலும் இருக்கும். டாலரைச் சிறு நோட்டுகளாக வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், காட்டில் சில்லறை கிடைக்காது.

ஓடுதளத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே கூட்டிப்போவார்கள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று நினைத்தேன். கைடு எங்களை மர நிழலில் இறக்கிவிட்டு, ஓடுதளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஜீப்பை ஓட்டினார். மேய்ந்துகொண்டிருந்த இம்பாலா மான்கள் துள்ளி விலகின. திரும்பி வந்து வண்டியை நிறுத்துவதற்குள் விமானத்தின் சத்தம் கேட்டுவிட்டது.