தண்ணீரில் ஊதிச் சரியான தொண்டை

சேலம் அஸ்தம்பட்டியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். ஊருக்கெல்லாம் குரலைப் பார்த்துக்கொள்ளச் சொல்பவளுக்கே சாயங்காலமானால் தொண்டை கரகரக்கும். மிளகுப் பால், பனங்கற்கண்டு எல்லாம் பார்த்தாயிற்று.

ஒரு ஞாயிறு, ஏற்காட்டில் அக்கா வீட்டுத் தரையில் மல்லாந்து, விலாவில் கை வைத்தபடி பேசிப் பார்த்தேன். வாய் திறக்கும் முன்பே மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கிக்கொள்கிறேன்! பிள்ளைகளிடம் நான் திருத்தும் அதே தப்பு.

அப்புறம் அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 2 சென்டிமீட்டர் ஆழம் விட்டு, 'ஊ' என்று குரலோடு ஊதினேன். தண்ணீர் காற்றைத் திருப்பித் தள்ளும் எதிரழுத்தம் இருப்பதால் குரல்நாண்கள் அடித்து மோதாமல் மெதுவாக அதிரும். குமிழி ஒரே சீராக வந்தால் சரி. விட்டு விட்டு வந்தால் மூச்சு எங்கோ சிக்குகிறது.

வகுப்புக்கு முன் 3 நிமிடம். மூன்றாம் வாரம் கரகரப்பு போனது. இல்லையென்றால் தொண்டை டாக்டரிடம் காட்டியிருப்பேன். அக்கா மகன்தான் இன்னும் காபியில் ஊதிக்கொண்டிருக்கிறான்.