பகுதி செக்அவுட்டைச் சோதிப்பது எப்படி?

கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருள்களான கிட்டிலும் சப்வெர்ஷனிலும், பெரிய ரெப்போ (கோப்புகளும் அவற்றின் வரலாறும் உள்ள களஞ்சியம்) ஒன்றில் தமக்கு வேண்டிய கோப்புறைகளை மட்டும் எடுத்து வேலை செய்யும் வசதி உண்டு; அதுவே பகுதி செக்அவுட். மதுரையின் ஐடி பூங்காக்கள் உள்ள வடபழஞ்சியிலோ இலந்தைக்குளத்திலோ அலுவலக இணைப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு இதன் அருமை தெரியாமல் போகலாம். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ரெப்போவை இறக்குபவருக்கு இது தினசரித் தேவை. இந்த வசதியை ஒரு குழுவுக்கு அறிமுகப்படுத்தும் முன் எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

முதலில் இரண்டு வெவ்வேறு வசதிகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஸ்பார்ஸ் செக்அவுட் என்பது வேலைக் கோப்புறையில் எந்தக் கோப்புகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. வரலாறு முழுவதும் ஏற்கெனவே இறங்கியிருக்கும். பார்ஷியல் க்ளோன் (க்ளோன் என்றால் ரெப்போவின் நகல்) என்பது கோப்புகளின் உள்ளடக்கத்தையே சர்வரில் விட்டுவிட்டு, தேவைப்படும்போது மட்டும் எடுத்துவருகிறது. ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றதும் சரியாக இருப்பதாக எண்ணிக்கொள்வதைப் பல இடங்களில் பார்க்கிறேன்.

சோதனைக்கென்று ஒரு சிறிய ரெப்போவை உருவாக்குங்கள். மதுரையின் பேருந்து நேர அட்டவணை என்று வைத்துக்கொள்வோம். மூலத்தில், அதாவது ரெப்போவின் மேல்மட்டத்தில், ‘படிக்கவும்’ என்ற ஒரு கோப்பும், ‘பொது’, ‘பெரியார்’, ‘ஆரப்பாளையம்’, ‘மாட்டுத்தாவணி’ என்ற நான்கு கோப்புறைகளும் இருக்கட்டும். ஆரப்பாளையத்துக்குள் தேனி, திண்டுக்கல், கோயம்புத்தூர் என்ற கோப்புகளை வையுங்கள். மாட்டுத்தாவணிக்குள் ‘நடைமேடை’ என்ற கோப்பையும், ‘தெற்கு’, ‘வடக்கு’ என்ற இரண்டு உட்கோப்புறைகளையும் வைத்து, திருநெல்வேலியைத் தெற்கிலும் திருச்சியை வடக்கிலும் போடுங்கள். கடைசியாக, ஆரப்பாளையத்தில் 20 எம்பி அளவுள்ள ஒரு கோப்பை, தற்செயலான பைட்டுகளைத் தரும் யூரேண்டமிலிருந்து உருவாக்கிச் சேர்த்துவிடுங்கள். வெறும் பூஜ்யங்களால் நிரப்பினால் கிட் அதைச் சுருக்கிவிடும். பிறகு அளவை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது அந்த ரெப்போவின் ஒரு க்ளோனில்:

கிட் ஸ்பார்ஸ்-செக்அவுட் இனிட் --கோன்
கிட் ஸ்பார்ஸ்-செக்அவுட் செட் மாட்டுத்தாவணி/தெற்கு

‘தெற்கு’ முழுவதும் வரும், ‘வடக்கு’ வராது. ஆனால் மாட்டுத்தாவணிக்கு நேர் உள்ளே இருக்கும் ‘நடைமேடை’யும், மூலத்தில் உள்ள ‘படிக்கவும்’ கோப்பும் கேட்காமலேயே வந்து நிற்கும். கோன் முறையின் விதி அதுதான்: கேட்ட கோப்புறைக்குச் செல்லும் வழியில் உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் நேரடியாக இருக்கும் கோப்புகள் சேர்ந்தே வரும். புதியவர்கள் இதைப் பிழை என்று பதிவுசெய்துவிடுகிறார்கள். ஆகையால் ‘நடைமேடை வந்திருக்க வேண்டும்’ என்பதையே ஒரு சோதனையாக எழுதிவிடுவது நல்லது.

எது உள்ளே, எது வெளியே என்பதைக் கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -டி காட்டும். எச் என்ற எழுத்து கோப்பு வேலைக் கோப்புறையில் இருப்பதையும், எஸ் என்ற எழுத்து அது ஒதுக்கப்பட்டிருப்பதையும் குறிக்கும். தமிழ்ப் பெயர்கள் இங்கே ஒரு தொல்லை கொடுக்கும்: மாட்டுத்தாவணி என்பதற்குப் பதிலாக \340\256\256 என்று தொடங்கும் எண்வரிசை ஒன்று மேற்கோள் குறிக்குள் வரும். அது ‘ம’ எழுத்தின் மூன்று பைட்டுகள்தான். கோர்.கோட்பாத் அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றினால் பெயர் ஒழுங்காகத் தெரியும். மாற்றாமல் பெயரை வைத்துத் தேடும் ஸ்கிரிப்ட், கோப்பு இருந்தும் இல்லை என்றே சொல்லும்.

அதைவிட நுட்பமான சிக்கல் ‘பொது’ கோப்புறையில் இருக்கிறது. ‘பொ’ என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், பைட்டுகள் வேறு. ரெப்போவில் ஒரு வடிவமும் நீங்கள் தட்டியதில் மற்றொரு வடிவமும் இருந்தால், லினக்ஸில் கிட் எந்த எச்சரிக்கையும் தராமல், வெற்றி என்ற குறியீட்டுடனேயே முடித்துவிடும். கோப்புறை மட்டும் வந்திருக்காது. இல்லாத கோப்புறையைக் கேட்டாலும் இதே கதைதான். எனவே கட்டளை வெற்றியாக முடிந்ததா என்று பார்ப்பது சோதனை ஆகாது. எதிர்பார்க்கும் கோப்பைப் பெயர் சொல்லித் தேட வேண்டும்.

இனி முக்கியமான சோதனைக்கு வருவோம். கேட்டது வந்ததா என்பதைவிட, வராதது பத்திரமாக இருக்கிறதா என்பதுதான் என் கணிப்பில் பெரிய கேள்வி. கண்ணில் படாத ஆரப்பாளையம் அடுத்த கமிட்டில் (மாற்றப் பதிவில்) நீக்கப்பட்டதாகப் பதிவாகிவிடக் கூடாது. இதைச் சரிபார்க்க, கிட் ரெவ்-பார்ஸ் ஹெட்:ஆரப்பாளையம் என்ற கட்டளை தரும் அடையாள எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் கோப்புறையின் முழு உள்ளடக்கத்திலிருந்து பிறப்பது. ஒரு கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். பிறகு ‘தெற்கு’ கோப்புறையில் திருநெல்வேலி கோப்பைத் திருத்தி, கிட் ஆட் -ஏ கொடுத்து, கமிட் செய்து, அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். எண் மாறியிருக்கக் கூடாது. கிளை (தனியாக ஓடும் மாற்ற வரிசை) மாற்றிய பிறகும், ரீபேஸ் (கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மாற்றி அடுக்குவது) செய்த பிறகும், உங்கள் குழுவின் சொந்த ஸ்கிரிப்டுகள் ஓடி முடிந்த பிறகும் இதே ஒப்பீட்டைச் செய்யுங்கள். கிட்டைவிட அந்த ஸ்கிரிப்டுகள்தான் பெரும்பாலும் ஆபத்தானவை. கோப்பு டிஸ்கில் இல்லை என்றால் அது நீக்கப்பட்டது என்றே அவை முடிவுசெய்துவிடும்.

மோதலையும் விட்டுவிடக் கூடாது. இரண்டு கிளைகளில் தேனி கோப்பின் ஒரே வரியை வெவ்வேறாகத் திருத்திவிட்டு, ஆரப்பாளையம் இல்லாத க்ளோனில் மெர்ஜ் செய்து இணைத்தால், மோதல் குறிகளுடன் தேனி கோப்பு வேலைக் கோப்புறையில் தோன்ற வேண்டும். திருத்தியபின் சாதாரணக் கிட் ஆட் அதை ஏற்காது, கிட் 2.34 பதிப்பு முதல், எல்லைக்கு (தேர்ந்தெடுத்த கோப்புறைகளுக்கு) வெளியே உள்ளதைச் சேர்க்க --ஸ்பார்ஸ் என்று சொல்லியாக வேண்டும். கமிட்டுக்குப் பின் கிட் ஸ்பார்ஸ்-செக்அவுட் ரீஅப்ளை கொடுத்தால் அந்தக் கோப்பு மறுபடி மறைய வேண்டும். அதேபோல், கமிட் ஆகாத திருத்தம் உள்ள கோப்புறையை எல்லைக்கு வெளியே தள்ளிப் பாருங்கள்: கிட் எச்சரித்துவிட்டு, திருத்திய கோப்பை அங்கேயே விட்டுவைக்க வேண்டும்.

பார்ஷியல் க்ளோனை உங்கள் கணினியிலேயே சோதிக்க இரண்டு முன்னேற்பாடுகள் வேண்டும். க்ளோன் செய்யப்படும் மூல ரெப்போவில் அப்லோட்பேக்.அலவ்ஃபில்டர் அமைப்பை ட்ரூ என்று வைக்க வேண்டும். க்ளோன் செய்யும்போது வெறும் பாதையைக் கொடுக்காமல் ஃபைல்:// என்று தொடங்கும் முகவரியைக் கொடுக்க வேண்டும். பாதையை மட்டும் கொடுத்தால் கிட் வடிகட்டியைப் புறக்கணித்து அனைத்தையும் நகலெடுத்துவிடும். கட்டளை இவ்வாறு இருக்கும்:

கிட் க்ளோன் --ஃபில்டர்=பிளாப்:நன் --ஸ்பார்ஸ் ஃபைல்:///முகவரி

--ஸ்பார்ஸ் இல்லாவிட்டால் செக்அவுட் நடக்கும்போதே 20 எம்பி கோப்பும் இறங்கிவிடும். பிறகு கிட் ரெவ்-லிஸ்ட் --ஆப்ஜெக்ட்ஸ் --ஆல் --மிஸ்ஸிங்=பிரிண்ட் கொடுங்கள்; கேள்விக்குறியுடன் வரும் வரிகள் இன்னும் இறங்காத பொருள்கள். அடுத்து, மூல ரெப்போவின் கோப்புறைப் பெயரை மாற்றிவிடுங்கள். சர்வர் அறுந்துபோன நிலை அதுதான். கிட் லாக் தடையின்றி ஓடும். ஆரப்பாளையத்தைச் சேர்க்க முயன்றால் தோல்வியடைய வேண்டும். பெயரைத் திருப்பி வைத்து மீண்டும் சேர்த்தால் கோப்புகள் வரும், கேள்விக்குறி வரிகள் குறையும். கிட் லாக் -பி, பிளேம் ஆகியவையும் பின்னணியில் சர்வரைத் தேடிச் செல்பவை என்பதை ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சப்வெர்ஷனில் பகுதி செக்அவுட் 2008-இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. --டெப்த் எம்டி (வெற்றுக் கோப்புறை) என்று செக்அவுட் செய்து, பெரியார் கோப்புறையை மட்டும் எஸ்விஎன் அப்டேட் --செட்-டெப்த் இன்ஃபினிட்டி மூலம் விரித்துவிட்டு, பிறகு வெறும் அப்டேட் கொடுங்கள். மற்றக் கோப்புறைகள் வந்து சேரக் கூடாது.

இவற்றையெல்லாம் ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக எழுதி, ஒவ்வொரு சோதனையையும் புதிய தற்காலிகக் கோப்புறையில் ஓட்டுங்கள். கிட் பதிப்பையும் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே அச்சிடச் சொல்லுங்கள். கோன் முறை கிட் 2.37-இல்தான் இயல்பாக ஆனது, உபுண்டு 22.04-உடன் வருவதோ 2.34.1. அதில் இனிட் --கோன் வரியை விட்டுவிட்டால் ‘நடைமேடை’ வராது, முதல் சோதனையே தோற்கும்.