கடைக்காரரின் பழைய கணினியிலும் ஓடும் விண்டோஸ் செயலி: எஸ்டிகே அமைக்கும் முறை

பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு பில் போடும் செயலி எழுதிக் கொடுத்தேன். என் விண்டோஸ் 11 மடிக்கணினியில் பிசகில்லாமல் ஓடிய அது, கல்லாவில் இருந்த விண்டோஸ் 7 கணினியில், விண்டோஸின் நூலகக் கோப்பில் ஒரு செயற்கூற்றை (ஃபங்ஷனை) காணவில்லை என்று சொல்லித் திறக்கவே மறுத்தது. ஆகவே எதையும் நிறுவும் முன், செயலி ஓடவேண்டிய கணினியில் 'வின்வெர்' என்று தட்டி, அதன் பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விஷுவல் ஸ்டுடியோ 2022 கம்யூனிட்டி பதிப்பு தனிநபர்களுக்கு இலவசம். அதன் நிறுவியில் சி++ டெஸ்க்டாப் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தால் நாம் எழுதும் நிரலை ஓடும் செயலியாக மாற்றும் கம்பைலரோடு விண்டோஸ் எஸ்டிகேயும் வந்துவிடும். எஸ்டிகே என்பது கம்பைலர் அன்று. இயங்குதளம் தரும் செயற்கூறுகளை அறிவிக்கும் ஹெடர் கோப்புகளும், அவற்றோடு இணைப்பதற்கான லைப்ரரி கோப்புகளும், சில கருவிகளும் அடங்கிய தொகுதி. 10.0.22621 போன்ற எண் அந்தத் தொகுதியின் பதிப்பைத்தான் குறிக்கிறது. செயலி எந்த விண்டோஸில் ஓடும் என்பதை அது தீர்மானிப்பதில்லை. புதிய எஸ்டிகேயைக் கொண்டே பழைய விண்டோஸுக்கும் எழுதலாம்.

அதைத் தீர்மானிப்பது, திட்டப் பண்புகளில் பிரீபிராசசர் வரையறைகளில் (கம்பைல் ஆகும் முன் படிக்கப்படும் வரையறைகளில்) நாம் இடும் 'வின்32 வின்என்டி' (_WIN32_WINNT) என்ற மாறிலி. விண்டோஸ் 7 என்றால் அதன் பதினறும மதிப்பு 0601. விண்டோஸ் 10 என்றால் 0ஏ00. நான் அதை இடாமல் விட்டதால், விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பில்தான் அறிமுகமான 'கெட் டிபிஐ ஃபார் விண்டோ' என்னும் செயற்கூறு சத்தமின்றி உள்ளே நுழைந்துவிட்டது. 0601 என்று இட்டிருந்தால் கம்பைலரே அங்கு நிறுத்தியிருக்கும். கடைக்காரர் முன் கைபிசைய நேர்ந்திராது. புதிய செயற்கூறு வேண்டியே தீரும் என்றால், 'கெட் பிராக் அட்ரஸ்' கொண்டு ஓடும் நேரத்தில் தேடி, கிடைத்தால் மட்டும் அழையுங்கள்.

அடுத்தது தமிழ். விண்டோஸில் தமிழுக்கென்று ஆன்சி குறிப்பக்கம், அதாவது யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துக்குறி அட்டவணை, கிடையாது. ஆதலால் 'மெசேஜ் பாக்ஸ் ஏ' போன்ற பழைய வகைச் செயற்கூறுகளை விட்டு, டபிள்யூ என்று முடியும் யூனிகோட் வகையையே பயன்படுத்த வேண்டும். ஆங்கிலக் குறிப்பக்கத்துக்கு மாற்றப்பட்ட 'வணக்கம்' திரையில் ??????? என்று வந்து நிற்கும். எழுத்து ஐந்துதானே, கேள்விக்குறி ஏன் ஏழு என்று எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும்: யூனிகோடில் புள்ளிக்குத் தனிக் குறியெண் உண்டு, இச்சொல்லில் புள்ளிகள் இரண்டு. மூலக் கோப்பை யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறையான யூடிஎஃப்-8-இல் சேமித்து, கம்பைலருக்கும் யூடிஎஃப்-8 தெரிவை மறவாமல் கொடுங்கள். நிர்மலா ஃபாண்ட் விண்டோஸ் 8 முதல்தான் உடன்வருகிறது. விண்டோஸ் 7-க்கு லதா போதும்.

கடைசியாக, செயலி ஓடும்போது அதற்குத் தேவைப்படும் ரன்டைம் லைப்ரரியை எக்ஸ்இ கோப்புக்குள்ளேயே இணைக்கும் தெரிவை இட்டு, பயனருக்குக் கொடுப்பதற்கான ரிலீஸ் வடிவைக் கட்டுங்கள். அந்தக் கல்லாக் கணினியில் வேறெதையும் நிறுவ வேண்டியிராது. அதே பதிப்பு விண்டோஸை ஒரு மெய்நிகர் கணினியில் ஏற்றி, அங்கே ஒரு பில் போட்டுப் பார்த்த பிறகு பென் டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.