கோப்பின் பெயரை மாற்றினால் படம் மாறாது

இணையத்தில் ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். 'ஜேபிஜி கோப்பு மட்டும்' என்று தளம் அடம்பிடிக்கிறது. கையில் இருப்பதோ பிஎன்ஜி என்ற வேறு வகைப் படக் கோப்பு. உடனே பலர் செய்யும் வேலை, கோப்பின் பெயரில் கடைசி மூன்றெழுத்தை அழித்துவிட்டு அங்கே ஜேபிஜி என்று தட்டுவது. சில தளங்கள் இதையும் ஏற்றுக்கொண்டுவிடுவதால் இந்தப் பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது. ஆனால் கோப்புக்குள் எதுவும் மாறியிருக்காது. ஒவ்வொரு பிஎன்ஜி கோப்பும் தன் முதல் எட்டு பைட்டிலேயே தான் யார் என்று சொல்லிவிடும். பெயரை மட்டும் பார்க்கும் தளம் உள்ளே விடும், உள்ளே திறந்து பார்க்கும் தளம் திருப்பி அனுப்பும். அதுவும் கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு. கோப்பை ஒரு படச் செயலியில் திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து, வகையை மாற்றிச் சேமிக்க வேண்டும். விண்டோஸில் இருக்கும் பெயின்ட்டே இதற்குப் போதும். ஜேபிஜி, ஜேபெக் இரண்டும் ஒன்றுதான். அந்தக் காலக் கணினிகளில் பெயருக்குப் பின்னால் மூன்றெழுத்துக்குத்தான் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

அதே விண்ணப்பத்தில் அடுத்த தொல்லை, 'புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள்' என்ற நிபந்தனை. வங்கித் தேர்வுகளில் இது வழக்கம். 200க்கு 230 பிக்சல் என்ற அளவையும் சேர்த்துச் சொல்வார்கள். போனில் எடுத்த படம் 4000க்கு 3000 பிக்சல், அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அத்தனையையும் அப்படியே வைத்துக்கொண்டு தரத்தை மட்டும் குறைத்து 50 கேபிக்குள் அமுக்கினால், முகம் கட்டம் கட்டமாக உடையும். முதலில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, 200க்கு 230 என்று சிறிதாக்குங்கள். இப்போது மொத்தம் 46,000 புள்ளிகள்தான். இதற்கு 50 கேபி என்பது தாராளம். தரத்தைக் குறைக்கவே தேவைப்படாது. பரிமாணத்தை முதலில் குறை, தரத்தில் கடைசியாகக் கை வை என்பதே முறை.

ஜேபெக் எதைத் தூக்கி எறிகிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும். 1992இல் வந்த தரம் இது. படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுணுக்கங்களை விட்டுவிடும். வெளிச்சத்தில் வரும் மாற்றத்தைவிட நிறத்தில் வரும் மாற்றத்தை நம் கண் குறைவாகவே கவனிக்கும் என்பதால், பெரும்பாலும் நிறத் தகவலையும் கணிசமாகக் குறைத்துவிடும். முகம், வானம், வயல், கோயில் கோபுரம் ஆகியவற்றில் இது அற்புதமாக வேலை செய்யும். சுருக்காமல் வைத்தால் 36 எம்பி வர வேண்டிய போன் படம் நாலைந்து எம்பியில் அடங்குவது இப்படித்தான்.

இந்தத் தந்திரம் எழுத்தில் பலிக்காது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்றால் விளிம்பு கூர்மையாக மாறும். அங்கேதான் ஜேபெக் தடுமாறி, எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல ஒரு கலங்கலை விட்டுவிடும். தமிழில் இது இன்னும் கண்ணை உறுத்தும். மெய்யெழுத்தின் புள்ளியும், 'லு'வுக்கும் 'லூ'வுக்கும் உள்ள வேறுபாடும் சிறிய அளவில் சில பிக்சல்களில்தான் இருக்கின்றன. வங்கிப் பரிவர்த்தனையின் ஸ்கிரீன்ஷாட், அரசாணையின் பக்கம், கவிதை எழுதிய அட்டை போன்றவற்றை பிஎன்ஜியாகவே வைத்திருங்கள். ஒரே நிறம் பரந்து கிடக்கும் படங்களை பிஎன்ஜி எதையும் இழக்காமலேயே நன்றாகச் சுருக்கிவிடும். பல நேரம் ஜேபெக்கைவிடச் சிறிதாகக்கூட வரும்.

நேர்மாறான தவறும் நடக்கிறது. 'பிஎன்ஜி என்றால் தரம் அதிகம்' என்று கேள்விப்பட்டு, இருக்கும் ஜேபெக் படங்களையெல்லாம் பிஎன்ஜியாக மாற்றி வைப்பார்கள். பிழிந்த கரும்புச் சக்கையை வெள்ளித் தட்டில் வைத்தால் சாறு திரும்பி வருமா? ஜேபெக் ஒருமுறை எறிந்ததை எந்த மாற்றியும் கொண்டுவராது. கோப்பின் அளவுதான் பல மடங்கு வீங்கும்.

ஜேபெக்கைத் திறந்து பார்த்தாலே தரம் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். திறப்பதாலோ நகலெடுப்பதாலோ பென்டிரைவில் போடுவதாலோ ஒன்றும் ஆகாது. திருத்திவிட்டு மறுபடி சேமிக்கும்போதுதான் புதிதாக ஒரு சுற்று இழப்பு நடக்கும். இன்று வெளிச்சத்தைக் கூட்டிச் சேமித்து, நாளை ஓரத்தை வெட்டிச் சேமித்து, அப்புறம் பெயர் எழுதிச் சேமித்தால் மூன்று சுற்று. திருத்தம் முடியும்வரை செயலியின் சொந்த வடிவத்தில், போட்டோஷாப் என்றால் பிஎஸ்டியில், வைத்துக்கொண்டு கடைசியில் ஒரே ஒருமுறை ஜேபெக் எடுங்கள்.

வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது அளவைக் குறைத்து மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். 'எச்டி' தேர்வு செய்தால் பரவாயில்லாமல் இருக்கும், ஆனாலும் அது மூலப்படம் ஆகாது. அச்சுக்குப் போகும் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். அதில் ஒரு எச்சரிக்கை உண்டு: எடுத்த தேதியும், போனில் அனுமதித்திருந்தால் எடுத்த இடமும் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும். டாக்குமென்டாக அனுப்பினால் அதுவும் சேர்ந்தே போகும். தெரியாதவருக்கு வீட்டுப் படத்தை இப்படி அனுப்பாதீர்கள்.

ஐபோன்காரர்கள் அனுப்பும் ஹெச்இஐசி கோப்பு பழைய கணினிகளில் திறக்காது. 2017இல் வந்த ஐஓஎஸ் 11இலிருந்து இதுதான் அங்கே இயல்பு வடிவம். இடம் மிச்சமாகும், தரமும் நல்லது. ஆனால் அச்சகத்துக்கும் அலுவலகத்துக்கும் அடிக்கடி அனுப்புபவர் என்றால் கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிவிடுங்கள், ஜேபெக்காகவே எடுக்கும். இணையத்திலிருந்து இறக்கும் வெப்பி கோப்புகளுக்கும் இதே கதைதான். கூகுள் 2010இல் இணையப் பக்கங்களுக்காகக் கொண்டுவந்தது, அங்கேதான் அதற்கு மரியாதை.

அச்சகத்தில் நடக்கும் சண்டைகளுக்குத் தனிப் பட்டியலே போடலாம். கடையின் லோகோவை முகநூல் பக்கத்திலிருந்து எடுத்த ஜேபெக்காகக் கொடுத்துவிட்டு, பத்தடி ஃப்ளெக்ஸில் மங்கலாக வருகிறது என்று கோபப்பட்டுப் பயனில்லை. லோகோவை வரைந்தவரிடம் கோரல்டிரா, எஸ்விஜி, இல்லையென்றால் வெக்டார் பிடிஎஃப் கோப்பை அன்றே கேட்டு வாங்கிவிட வேண்டும். இவற்றில் படம் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகவும் வளைவுகளாகவும் எழுதப்பட்டிருப்பதால், விசிட்டிங் கார்டுக்கும் பேனருக்கும் ஒரே கோப்பு போதும். ஜேபெக்கை ஒரு எஸ்விஜி கோப்புக்குள் ஒட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. பெரிதாக்கிப் பாருங்கள், பிக்சல் தெரிந்தால் ஏமாற்று.

தமிழ் எழுத்துள்ள வடிவமைப்பை அனுப்பும்போது எழுத்துகளை 'கன்வர்ட் டு கர்வ்ஸ்' செய்துவிட்டு, அதாவது வெறும் வளைகோடுகளாக மாற்றிவிட்டு அனுப்புங்கள். உங்கள் எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லையென்றால் அழைப்பிதழில் மணமகன் பெயர் கிறுக்கலாக மாறிவிடும். ஆனால் மாற்றுவதற்கு முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வளைவாக மாறிய எழுத்தில் பிழை திருத்த முடியாது. லோகோவுக்குப் பின்னால் வெள்ளைக் கட்டம் வந்து நின்றால் அது ஜேபெக்கின் குணம், அதில் பின்னணியை வெறுமையாக விட வழியே இல்லை. அச்சு மையின் நான்கு நிறக் கணக்கை பிஎன்ஜி அறியாது என்பதால், வண்ணம் துல்லியமாக வர வேண்டிய வேலைக்கு அதுவும் சரிவராது. பிடிஎஃப், டிஃப் (பொதுவாக எதையும் இழக்காமல் சேமிக்கும் பட வடிவம்) என்று போவதே நல்லது.

'300 டிபிஐ வேண்டும்', அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்று அச்சகம் கேட்டால் மென்பொருளில் 72ஐ 300 ஆக்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகிறோம். அந்த எண் ஒரு குறிப்பு மட்டுமே. ஆறுக்கு நாலு அங்குலப் படத்துக்கு 1800க்கு 1200 பிக்சல் உண்மையிலேயே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தூரத்தில் நின்று பார்க்கும் ஃப்ளெக்ஸுக்கு இவ்வளவு அடர்த்தி தேவையில்லை.

தாத்தா பாட்டியின் பழைய படங்களை ஸ்கேன் செய்பவர்கள் நேரடியாக ஜேபெக்கில் சேமிக்க வேண்டாம். ஆறுக்கு நாலு படத்தை 600 டிபிஐயில் டிஃப் கோப்பாக எடுத்தால் சுமார் 26 எம்பி வரும். நூறு படம் என்றாலும் 2.6 ஜிபிதான், சாதாரண பென்டிரைவிலேயே அடங்கும். கீறலை அழிப்பது, வண்ணத்தைத் தூக்குவது எல்லாம் அதன் பிரதியில் நடக்கட்டும். உறவுக்காரர்கள் குழுவில் போடுவதற்கு அந்தப் பிரதியிலிருந்து ஒரு சின்ன ஜேபெக் எடுத்துக்கொள்ளலாம்.