ஆயிரம் ரூபாய் ஷாம்பு வாங்கலாமா? பாட்டிலைத் திருப்பிப் பார்த்து முடிவு செய்யும் முறை

எங்கள் வீட்டுக் குளியலறையில் அண்ணாச்சி கடை பாக்கெட் ஷாம்பும், சலூனில் அக்கா தலையில் கட்டிவிட்ட விலை கூடிய பாட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எது தேவை, எது தெண்டம் என்று ஓயாத சண்டை. அதைத் தீர்க்க நான் போட்ட கணக்கையும் செய்து பார்த்த சோதனையையும் வரிசையாக எழுதியிருக்கிறேன். ஷாம்பு எப்படித் தேய்ப்பது, கண்டிஷனர் எங்கே பூசுவது என்பதெல்லாம் இதில் இல்லை.

வேண்டியவை: இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி, ஒரு மார்க்கர் பேனா, ஃபோன் கேமரா, காலி பாட்டில் இரண்டு. பாட்டிலை ஸ்கேன் செய்தால் சிவப்பு, பச்சை என்று மதிப்பெண் போடும் செயலிகளை நான் வைத்துக்கொள்வதில்லை. ஒரு பொருள் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று செயலிக்கும் தெரியாது. அளவு தெரியாமல் 'ஆபத்து' என்று போடுவதில் பயனில்லை.

படி 1: எதற்காக வாங்குகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"முடி நல்லா இருக்கணும்" என்றால் செல்லாது. பொடுகா, சிக்கா, நுனி வெடிப்பா, சாயம் போட்டு வறண்டதா? ஏதாவது ஒன்று.

எழுதியது "முடி கொட்டுகிறது" என்றால் கடைக்குப் போகவே வேண்டாம். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. டெங்கு, டைபாய்டு மாதிரி பெரிய காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவதும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, பரம்பரை வழுக்கை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஒன்றிரண்டு நிமிடம் தலையில் இருந்துவிட்டுச் சாக்கடைக்குப் போகும் ஷாம்பு இவற்றில் எதையும் சரிசெய்யாது. அந்த ஆயிரம் ரூபாயைத் தோல் மருத்துவருக்குக் கொடுங்கள்.

ஷாம்பில் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) சேர்த்திருப்பதாகப் பெரிதாக எழுதியிருந்தால் அதற்கென்று கூடுதல் காசு தர வேண்டாம். மாத்திரையாகச் சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டக்கூடியது.

படி 2: ஒரு குளியலுக்கு எவ்வளவு என்று பாருங்கள்

பாட்டில் விலையை வைத்து ஒப்பிடவே கூடாது. ஒரு மி.லி.க்கு என்ன விலை என்பது இப்போது பாட்டிலிலேயே எம்.ஆர்.பி. பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பாக்கெட்டில் பெரும்பாலும் இருக்காது, நாமேதான் வகுக்க வேண்டும்.

கணக்குக்காக மூன்று எடுத்துக்கொள்வோம். 1 ரூபாய்க்கு 5.5 மி.லி. பாக்கெட்: மி.லி. 18 பைசா. 160 ரூபாய்க்கு 180 மி.லி. பாட்டில்: 89 பைசா. 1,100 ரூபாய்க்கு 250 மி.லி. சலூன் பாட்டில்: 4 ரூபாய் 40 பைசா. பெரிதாக வாங்கினால் மலிவு என்று மளிகையில் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் நம் ஊர் ஷாம்பு வியாபாரம் பாக்கெட்டை நம்பி வளர்ந்தது. கடலூர் சின்னிகிருஷ்ணன் குடும்பத்தின் வெல்வெட், பிறகு அதே குடும்பத்திலிருந்து 1983-ல் தனியாகத் தொடங்கிய சிக் எல்லாம் பாக்கெட்டை வைத்துத்தான் ஊர் ஊராகப் போயின. சின்ன பாக்கெட்டின் விலையை ஏற்ற எந்தக் கம்பெனிக்கும் எளிதில் மனசு வராது.

அப்புறம் அளவு மூடி. வழக்கமாகக் கையில் ஊற்றுகிற அளவை முதலில் மூடியில் ஊற்றிப் பாருங்கள். தோள் வரை முடி இருந்து 8 மி.லி. ஆகிறது என்று வைத்துக்கொண்டால், நடுத்தர பாட்டிலில் ஒரு குளியல் 7 ரூபாய் சொச்சம், சலூன் பாட்டிலில் 35 ரூபாய்.

இதில் எண்ணெய்த் தலைக்காரர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. விலை கூடிய ஷாம்புகளில் பல 'சல்பேட் இல்லாதது'. சல்பேட் என்பது நுரை தந்து எண்ணெயைக் கழுவி எடுக்கும் பொருள். சாயம் போட்ட முடிக்கு அந்த மென்மை நல்லதுதான். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிற தலைக்கு அதை இரண்டு தடவை போட்டால்தான் பிசுக்கு போகும். 35 ரூபாய் 70 ஆகிவிடும். எண்ணெய்க் குளியலுக்கு எங்கள் வீட்டில் இப்போதும் சீயக்காய்ப் பொடியோ பாக்கெட்டோதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. கொங்குப் பக்கத்து ஆட்கள் அரப்பு (உசில மரத்து இலைப் பொடி) தேய்ப்பார்கள், அதுவும் சரி.

படி 3: பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள்

நான் அதிக நேரம் திண்டாடியது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஃபோன் கேமராவில் பட்டியலைப் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். எதன் அளவு அதிகமோ அது முன்னால் வரும் என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகளின்படி, 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்களைத்தான் இறங்கு வரிசையில் போட வேண்டும். 1 சதவீதமோ அதற்குக் குறைவோ இருப்பவற்றை அதன்பின் எந்த வரிசையில் வேண்டுமானாலும் போடலாம்.

இதனால் என்ன ஆகிறது? ஒரு பாட்டிலில் ஆர்கன் எண்ணெய் ஏழாவதாகவும் இன்னொன்றில் பதினைந்தாவதாகவும் இருக்கும். முதலாவதில் அதிகம் என்று நினைத்து வாங்குவோம். இரண்டிலும் அது சொட்டுக் கணக்காக இருக்கலாம். பெயர் கவர்ச்சியாக இருக்கிறதே என்று ஒரு கம்பெனி அதை முன்னால் தூக்கிப் போட்டிருக்கும், அவ்வளவுதான்.

அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று பட்டியல் சொல்லாது. கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி: 'ஃபீனாக்ஸிஎத்தனால்' என்ற பெயரைத் தேடுங்கள். கெடாமல் இருக்கச் சேர்ப்பது, 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதி இல்லாதது. அப்படியானால் அதற்குப் பின்னால் வரும் எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது. கோடு அதற்கும் முன்னாலேயே விழுந்திருக்கலாம், ஆனால் அதற்குப் பின்னால் போயிருக்க வழியில்லை. முன்பக்கத்தில் படம் போட்டு விற்கிற எண்ணெய், மூலிகைச் சாறு, புரதம் எல்லாம் இந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தால், நீங்கள் காசு கொடுப்பது படத்துக்கு.

இதோடு நிறுத்தினால் தப்பான முடிவுக்குப் போய்விடுவோம். கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் வீண் கிடையாது. கொத்தவரை இனத்து விதைப் பசையிலிருந்து செய்யும் 'குவார் ஹைட்ராக்ஸிப்ரொபைல்ட்ரைமோனியம் குளோரைடு' (மூச்சு வாங்குகிறது) மிகக் கொஞ்சமாக இருந்தாலே சிக்கு எடுக்கும். பொடுகுக்கான பைரோக்டோன் ஓலமின் 1 சதவீதத்துக்குள்ளேயே வேலை செய்யும். ஆகவே கோட்டுக்குக் கீழே வந்தால் தள்ளுபடி என்பது எண்ணெய், சாறு, புரதம் ஆகிய மூன்றுக்கு மட்டும்.

இப்போது கோட்டுக்கு மேலே பாருங்கள். மலிவு ஷாம்பில் பெரும்பாலும் தண்ணீர், சோடியம் லாரெத் சல்பேட், கோகமிடோப்ரொபைல் பீட்டைன், ஒரு சிலிக்கோன், உப்பு. விலை கூடியதிலும் இதே ஐந்து இருந்தால் மிச்சம் பணம் வாசனைக்கும் பாட்டிலுக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. வாசனை பிடித்து வாங்குவது தப்பில்லை, அதற்குத்தான் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

'சல்பேட் இல்லை' என்று போட்ட சிலவற்றில் 'சோடியம் சி14-16 ஓலிஃபின் சல்ஃபோனேட்' இரண்டாவதாக இருக்கும். பெயரளவில் சல்பேட் இல்லைதான். ஆனால் எண்ணெயைத் துடைத்தெடுப்பதில் அதுவும் லேசுப்பட்டதல்ல.

படி 4: ஷாம்பைத் திட்டும் முன் தண்ணீரைப் பாருங்கள்

போர் தண்ணீர் வீட்டில் எந்த ஷாம்பும் நார் மாதிரிதான் விடும். ஒரு பாட்டிலில் போர் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் குளியல் சோப்பைச் சீவி ஒரே அளவு போட்டுக் குலுக்குங்கள். ஒன்றில் நுரை நிற்காமல் தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாக மிதந்தால் உங்கள் பிரச்சினை கால்சியமும் மக்னீசியமும். டி.டி.எஸ். மீட்டர் இதற்குத் தேவையில்லை. அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையை, அதாவது இந்தக் கால்சியம், மக்னீசியம் அளவை, தனியாகச் சொல்லாது.

கடைசியாக அலசும் இரண்டு குவளையை மட்டும் கேன் தண்ணீரில் அலசிப் பாருங்கள். அதிலேயே முடி மாறினால் புது ஷாம்பு வாங்க வேண்டியதில்லை. வாங்கியே ஆக வேண்டுமென்றால் பட்டியலில் 'டெட்ராசோடியம் இடிடிஏ' இருப்பதாகப் பாருங்கள். தண்ணீரில் இருக்கும் அந்த உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள் அது. மலிவு ஷாம்புகளிலும் கிடைக்கிறது.

படி 5: பாதித் தலைச் சோதனை

இரண்டு ஷாம்பையும் ஒரே மாதிரியான காலி பாட்டில்களில் வீட்டில் வேறு ஒருவரை ஊற்றச் சொல்லுங்கள். எது எதுவென்று அவருக்கு மட்டும் தெரியட்டும். நடு வகிடு எடுத்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கண்டிஷனர் இரண்டு பக்கமும் ஒன்றே. அதை மாற்றினால் சோதனை பாழ், ஏனென்றால் மென்மையில் பெரும்பங்கு கண்டிஷனருடையது.

ஈரமாக இருக்கும்போது தீர்ப்புச் சொல்லாதீர்கள், சிலிக்கோன் அந்த நேரத்தில் எல்லாவற்றையும் வழவழப்பாகக் காட்டும். மறுநாள் சீப்பு போட்டுப் பாருங்கள். ஒரு மாதமாவது தொடர்ந்து செய்துவிட்டு அப்புறம் பெயரைக் கேளுங்கள். வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்பது இதிலுள்ள ஓட்டை. அதனால் எந்தப் பக்கம் சிக்கு குறைவு என்று வீட்டில் இன்னொருவரைத் தொட்டுச் சொல்லச் சொல்வேன்.

எங்கள் வீட்டில் ஷாம்பு விஷயத்தில் பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசமே தெரியவில்லை. அக்கா தலையில் மட்டும் தெரிந்தது. அவள் ப்ளீச் செய்து சாயம் போட்டவள்.

காசு கொடுக்கத் தகுந்தவை

அலசிவிடும் பொருளைவிட முடியிலேயே தங்கும் பொருளுக்குச் செலவு செய்யலாம் என்பது என் கட்சி. ப்ளீச் செய்த முடிக்கு, உள்ளே உடைந்த பிணைப்புகளைக் குறிவைக்கும் ஓலாப்ளெக்ஸ் மாதிரியான பொருட்கள் 2014-லிருந்து விற்பனையில் இருக்கின்றன. விலை அதிகம்தான், ஆனால் மலிவு பாட்டிலில் அந்த வேதிப்பொருள் கிடையாது. ப்ளீச்சும் சாயமும் போடாத கருமுடிக்கு அது அனாவசியம். ஸ்ட்ரெயிட்னர் தினமும் பிடிக்கிறவர்களுக்குச் சூட்டிலிருந்து காக்கும் ஸ்ப்ரே ஒன்று தேவை, நடுத்தர விலையிலேயே போதும். பொடுகு விடாப்பிடியாக இருந்தால் மருந்துக்கடை கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு, மருத்துவர் சொல்படி. அதை மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் ஊறவிட வேண்டும், உடனே அலசினால் பலன் இல்லை.

எண்ணெயில் தேங்காய் எண்ணெயை மிஞ்ச ஆளில்லை. அதன் லாரிக் அமிலம் முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது, மினரல் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்று 2003-ல் ஒரு ஆய்வு வந்தது. செய்தவர்கள் பாராசூட் கம்பெனியான மாரிக்கோவின் ஆட்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை 1: "என் பாட்டிலில் ஃபீனாக்ஸிஎத்தனால் இல்லையே" என்று நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். சோடியம் பென்சோவேட், டிஎம்டிஎம் ஹைடன்டோயின் போன்றவற்றைத் தேடுங்கள். அவையும் கெடாமல் காப்பவை, வழக்கமாக 1 சதவீதத்துக்குள் இருப்பவை. அதுவும் இல்லையென்றால் வாசனைப் பொருள் எந்த இடத்தில் வருகிறதோ அதை உத்தேசக் கோடாக வைத்துக்கொள்ளலாம்.

பிற்சேர்க்கை 2: மூலிகைக் கூந்தல் தைலங்களுக்குப் படி 3 பொருந்தாது. ஆயுர்வேத மருந்து உரிமத்தில் வருபவற்றில் மூலிகையின் பெயரும் அளவும் தனித்தனியாகப் போட்டிருக்கும். அங்கே வரிசையை விட்டுவிட்டு அளவைப் படியுங்கள், அடிப்படை எண்ணெய் எது என்று பாருங்கள். தேங்காய் எண்ணெய் என்றிருந்தால், வெறும் தேங்காய் எண்ணெய் மி.லி. என்ன விலை என்பதோடு ஒப்பிடுங்கள்.

பிற்சேர்க்கை 3: 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, கூந்தல் எண்ணெய் மீதான ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பழைய பில்லை வைத்துப் படி 2 கணக்கைப் போடாதீர்கள்.

பிற்சேர்க்கை 4: ஏற்கெனவே விலை கூடிய பாட்டிலை வாங்கிவிட்டவர்கள் அதை எண்ணெய் வைக்காத நாட்களுக்கு ஒதுக்குங்கள், எண்ணெய்க் குளியலுக்குப் பாக்கெட். மூடி திறந்த டப்பா படத்தில் '12எம்' என்று போட்டிருந்தால் திறந்த நாளிலிருந்து 12 மாதம் என்று பொருள். மார்க்கர் அதற்குத்தான், திறக்கும் அன்றே தேதியைப் பாட்டிலின் அடியில் எழுதிவிடுங்கள்.