கேமரா ட்ரோனுக்கு மாற்று இறக்கை வாங்குவதற்கு முன்

ட்ரோன் எதிலாவது மோதிக் கீழே விழுந்தால், ஓடிப்போய் எடுத்தவுடன் எல்லோரும் முதலில் பார்ப்பது கேமராவைத்தான். லென்சில் கீறல் இல்லை, கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் பழுதாகவில்லை என்று தெரிந்ததும் மனம் ஆறிவிடுகிறது. இறக்கை நுனியில் விழுந்திருக்கும் சிறு பிசிறை விரலால் தடவிவிட்டு மறுபடியும் பறக்க விடுகிறோம். அந்த இறக்கைகள் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுகள் சுழல்பவை என்பதால், நின்றிருக்கும்போது கண்ணுக்குப் பொருட்டாகத் தெரியாத பிசிறு, சுழலும்போது மோட்டாரையும் அதைத் தாங்கும் ட்ரோனின் கையையும் கேமராவையும் சேர்த்து உலுக்கும்.

மாற்ற வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க நகமே போதும். இறக்கையின் முன்விளிம்பு, அதாவது காற்றை முதலில் வெட்டும் தடித்த விளிம்பு நெடுகிலும் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேனும் இடறினால் அந்த இறக்கையின் காலம் முடிந்தது. பிறகு அதை வெளிச்சத்தில் பிடித்து, நடுப்பகுதியை இலேசாக, மிக இலேசாக, வளைத்துப் பாருங்கள். கறுப்பு அல்லது சாம்பல் நிற பிளாஸ்டிக்கில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால், அங்கே பிளாஸ்டிக் உள்ளுக்குள் விட்டுக்கொடுத்துவிட்டது என்று பொருள். மடக்கும் இறக்கைகளில் இந்த வெள்ளைக் கோடு பெரும்பாலும் திருகுத் துளையைச் சுற்றித்தான் தோன்றும். அந்த இடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை.

மாற்றுவது என்று முடிவானதும், கடைக்காரரிடம் ட்ரோனின் பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல், பழைய இறக்கையின் மேற்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். டிஜேஐ நிறுவனத்தின் ட்ரோன்களில் (மேவிக், ஃபேன்டம், மினி, இன்ஸ்பையர் எல்லாம் அதன் வகைகள்தான்) அது பொதுவாக நான்கு இலக்கமாக இருக்கும். முதல் இரண்டு இலக்கம் விட்டம், அடுத்த இரண்டும் பிட்ச். இரண்டுமே அங்குலத்தில், பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். மேவிக் புரோவின் 8330 என்றால் விட்டம் 8.3 அங்குலம், ஏறத்தாழ 21 செ.மீ.; பிட்ச் 3 அங்குலம், ஏறத்தாழ 7.6 செ.மீ. பிட்ச் என்பது, மரத்துக்குள் திருகாணி இறங்குவதுபோல இறக்கையும் காற்றில் சற்றும் நழுவாமல் முன்னேறினால், ஒரு முழுச் சுற்றில் அது கடக்கக்கூடிய தூரம். காற்று மரமல்ல, நழுவத்தான் செய்யும். ஆனாலும் இறக்கை எவ்வளவு சாய்வாகச் செதுக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்த எண் சொல்லிவிடுகிறது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் விட்டுவிடக் கூடாது. ஃபேன்டம் 3-இன் இறக்கை 9450. ஃபேன்டம் 4-இன் இறக்கை 9450எஸ். இரண்டும் 9.4 அங்குல விட்டமும் 5 அங்குலப் பிட்ச்சும் கொண்டவைதான். ஆனால் முன்னது மோட்டாரின் மரையில் சுற்றி ஏற்றப்பட்டு, சுழலச் சுழலத் தானே இறுகிக்கொள்ளும். பின்னது அழுத்தித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். ஒன்றை மற்றொன்றின் மோட்டாரில் பொருத்தவே முடியாது. அதேபோல், மினி 2-இன் இறக்கையும் மினி 3 புரோவின் இறக்கையும் பார்வைக்கு அண்ணன் தம்பிபோல இருந்தாலும், முன்னது 4.7 அங்குலம், பின்னது 6 அங்குலம். ‘மினிக்கு இறக்கை வேண்டும்’ என்று மட்டும் கேட்டு வாங்கிவந்து வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்து ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் உண்டு.

பெரிய இறக்கை போட்டால் ட்ரோன் நன்றாகத் தூக்குமே என்று கேட்பவர்களின் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. மெதுவாகச் சுழலும் பெரிய இறக்கை, வேகமாகச் சுழலும் சிறிய இறக்கையைவிடக் குறைந்த ஆற்றலில் அதே எடையைத் தாங்கும். ஆனால் அந்த ஆதாயம், அந்த அளவுக்கென்றே மோட்டாரும் அதை இயக்கும் மின்சுற்றும் கட்டுப்பாட்டு நிரலும் சேர்த்து வடிவமைக்கப்பட்டால்தான் கிடைக்கும். 4.7 அங்குலத்துக்குச் செய்த மோட்டாரில் அதைவிடப் பெரியதை மாட்டினால், ஒவ்வொரு சுற்றுக்கும் மோட்டார் கூடுதல் திருப்புவிசை கொடுக்க வேண்டியிருக்கும்; சூடாகும். இறக்கையின் நிலைமமும், அதாவது வேகம் மாறுவதை எதிர்க்கும் தன்மையும், கூடிவிடுவதால், காற்று ஒரு பக்கம் தள்ளும்போது வேகத்தைச் சட்டென்று கூட்டிக் குறைத்துச் சமாளிக்கும் திறன் மந்தமாகிவிடும். ஆகவே உள்ளதைவிட மேம்பட்டதைத் தேடாதீர்கள். உள்ளது எதுவோ அதையே தேடுங்கள்.

இதற்கு விலக்கு, தயாரிப்பாளரே அனுமதித்த மாற்று இறக்கைகள் மட்டுமே. மேவிக் புரோவுக்குப் பின்னால் 2017-இல் வந்த பிளாட்டினம் வகையின் 8331 இறக்கையைப் பழைய மேவிக் புரோவிலும் பொருத்தலாம். பிட்ச்சில் 0.1 அங்குலம்தான் வேறுபாடு என்றாலும், நுனியின் வடிவம் மாறியதால் சத்தம் குறைகிறது. நிறுவனம் அறிவித்த 4 டெசிபல் குறைவு புதிய இறக்கையோடு மோட்டாருக்கான புதிய வேகக் கட்டுப்பாட்டு மின்சுற்றும் சேர்ந்த பிளாட்டினத்துக்கு உரியது. பழைய ட்ரோனில் இறக்கையை மட்டும் மாற்றிவிட்டு அதே அளவை எதிர்பார்க்கக் கூடாது. மெல்லிய காற்றுள்ள இடங்களுக்கென்று தனி இறக்கைகளும் உண்டு: இன்ஸ்பையர் 2-க்கு வழக்கமான இறக்கையில் கடல் மட்டத்திலிருந்து 2500 மீட்டரும், உயரநிலை இறக்கையில் 5000 மீட்டரும் பறக்கும் உயரத்தின் உச்ச வரம்பு. லடாக்கில் படமெடுக்கப் போகிறவருக்கு அது தேவை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வேண்டியதில்லை.

கார்பன் இழை இறக்கைகளைப் பற்றி என் கருத்து கறாரானது: படப்பிடிப்பு ட்ரோனுக்கு வேண்டாம். அவை விறைப்பானவை, பார்க்கவும் அழகானவை. ஆனால் பிளாஸ்டிக் இறக்கை எதிலாவது பட்டால் வளைந்தோ மடங்கியோ அடியின் ஒரு பகுதியைத் தான் வாங்கிக்கொள்ளும். விறைத்த இறக்கை அதை அப்படியே மோட்டார்த் தண்டுக்குக் கடத்திவிடும். மனித விரலில் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மணமக்களுக்கு மிக அருகில் ட்ரோனை இறக்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

போலி இறக்கைகளால் நானே பட்டிருக்கிறேன். ஒரு திருமணத்துக்கு முந்தைய நாள் மாலையில் அவசரத்துக்கு வாங்கிய மலிவான இறக்கைகளை மாட்டி, மண்டபத்தையும் பின்னாலிருந்த தென்னந்தோப்பையும் எடுத்தேன். ட்ரோன் ஒழுங்காகத்தான் பறந்தது. இரவில் கணினியில் பார்த்தபோது, தென்னை மரங்கள் தண்ணீருக்குள் நிற்பவைபோல நெளிந்துகொண்டிருந்தன. ஜெல்லோ என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். கேமராவின் உணரி ஒரு சட்டகத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் கேமரா அதிர்ந்தால் ஒவ்வொரு வரியும் சற்றே இடம் மாறிப் பதிவாகும். மெதுவான ஆட்டத்தைக் கிம்பல் அடக்கிவிடும். இந்த நுண்ணதிர்வை அதனால் அடக்க முடியாது. மறுநாள் காலையில் நகைக்கடைகளில் இருப்பதுபோன்ற சிறு மின்னணுத் தராசில் அந்த இறக்கைகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். ஒரே மோட்டாருக்கான இரண்டு இறக்கைகளே ஒரே எடையில் இல்லை.

அன்றிலிருந்து எந்தப் பொதியைப் பிரித்தாலும் முதலில் எடைபோடுகிறேன். தராசு இல்லாதவர்கள் விளிம்பைப் பார்த்தே பலவற்றை அறியலாம். அச்சு வார்ப்பில் பிதுங்கிய மெல்லிய பிளாஸ்டிக் விளிம்பில் ஒட்டியிருக்கக் கூடாது. எண் மங்கலாகவோ கோணலாகவோ அச்சாகியிருக்கக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எல்லா நுனிகளும் ஒரே இடத்தில் முடிய வேண்டும். எடை இன்னொரு வகையிலும் முக்கியமானது. இந்தியாவின் ட்ரோன் விதிகள் 2021-இன்படி 250 கிராமுக்கு மிகாதது நானோ வகை. 249 கிராம் ட்ரோனில் கனமான இறக்கைகளை மாட்டினால் அது அடுத்த வகைக்குப் போய்விடக்கூடும்.

திசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள இரண்டு மோட்டார்கள் ஒரே பக்கமாகவும், மற்ற இரண்டும் மறுபக்கமாகவும் சுழல்வதால், இறக்கைகளிலும் இரண்டு வகை உண்டு. வளையமோ புள்ளியோ கோடோ அடையாளமிட்ட இறக்கை, அதே அடையாளமுள்ள மோட்டாருக்கு அல்லது கைக்கு உரியது. மாற்றி மாட்டினால் ட்ரோன் எழும்பும் நொடியிலேயே கவிழும். பொதியில் இரண்டு வகையும் சேர்ந்து இருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

மினி 2, மினி 3 புரோ போன்ற வகைகளில் ஒவ்வொரு மோட்டாரிலும் இரண்டு இறக்கைகள் தனித்தனித் திருகால் பிடிக்கப்பட்டிருக்கும். ஒன்று மட்டும் உடைந்திருந்தாலும் அந்த மோட்டாரின் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்ததும் புதியதும் ஒரே அச்சில் சமநிலை கொள்ளாது. பெட்டியோடு வந்த சிறு ஸ்க்ரூடிரைவரையே பயன்படுத்துங்கள். பொருந்தாததைக் கொண்டு திருகினால் தலை வழுவழுப்பாகி, பிறகு எதற்கும் பிடிகொடுக்காது. புதிய இறக்கையோடு வரும் புதிய திருகையே போட வேண்டும். பழையதில் இருந்த, திருகு தளராமல் பிடிக்கும் மரைப்பசை, கழற்றும்போதே உதிர்ந்துபோயிருக்கும். இறுக்கியபின் இறக்கை தன் கீலில் தடையின்றி மடங்க வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது.

மாட்டியபின் நேராகப் படப்பிடிப்புக்குப் போகாமல், ஆளில்லாத வெட்டவெளியில் ஆளுயரத்துக்கு எழுப்பி ஒரு நிமிடம் நிறுத்திவையுங்கள். அந்த ஒரு நிமிடத்தையும் பதிவு செய்யுங்கள், சட்டகத்துக்குள் மின்கம்பம், சுவர் விளிம்பு என நேர்க்கோடு ஏதாவது இருக்கும்படி. இறக்கி, அணைத்து, இறக்கைகள் முழுதாக நின்றபின் நான்கு மோட்டார்களையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதன் இறக்கைகளைக் கழற்றி மறுபடி பாருங்கள். நான்கும் ஒரே இளஞ்சூட்டில் இருந்து, பதிவிலுள்ள கம்பமும் நேராக நின்றால் மட்டும் பழைய இறக்கைகளைக் குப்பையில் போடுங்கள். போடுவதற்கு முன் இரண்டாக ஒடித்துவிடுங்கள். இல்லையென்றால் என்றாவது ஓர் அவசரத்தில் அவை மறுபடியும் பைக்குள் வந்துவிடும்.