மாயாஜால உலகில் ரயில் விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்பது ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதில் வீரர்களாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம். வேலூரில் புதிதாக அதை நடத்தும் பிள்ளைகளின் ஆட்டங்களில் அவ்வப்போது போய் உட்காருவேன். மந்திரவாதி இருக்கும் உலகத்தில் துப்பாக்கி இருக்கலாமா என்ற சண்டை எல்லா மேசையிலும் வருகிறது. இருக்கலாம். நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். விதிகளைப் படிக்காமல் வருவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

"ஃபேன்டசியில் மெஷினே கூடாது"

1974இல் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் கேரி கைகாக்ஸ். 1980இல் வந்த அவருடைய சாகசம் (ஆடுவதற்கென்று எழுதிய கதை) ஒன்றில் வீரர்கள் நுழைவதே விழுந்து கிடக்கும் விண்கலத்துக்குள். தாராளமாக வையுங்கள்.

பொருளை வைத்துவிட்டு உலகத்தை அப்படியே விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். மாதக்கணக்கில் ஓட வேண்டிய கதை இதில்தான் படுத்துவிடுகிறது.

காட்பாடிப் பக்கம் ஒரு மொட்டை மாடியில் ஆட்டம். நடத்திய தம்பி தன் ராஜ்ஜியத்தில் ரயில் விட்டிருந்தான். இன்ஜினுக்குள் நெருப்புப் பூதம், பாலாறு மாதிரி மணல் ஆற்றின் மேல் பாலம், வர்ணனை பிரமாதம். அப்புறம் நம் கோட்டையைப் பார்த்து வரைந்த ஒரு கோட்டையை எதிரி முற்றுகையிட்டான். அகழி, கருங்கல் மதில், உள்ளே தானியம் தீர்கிறது. குதிரையில் போய் உதவி கேட்கச் சொன்னான். ஒரு பெண் கேட்டாள்: "ண்ணா, ரயில்லயே அரிசி ஏத்தினு வரலாமே?"

"ரயில் ரிப்பேரும்மா."

அடுத்த வாரமும் ரிப்பேர். அதற்கப்புறம் அவன் எதைக் காட்டினாலும் மேசையில் யாரும் நம்பவில்லை. முற்றுகையே எதிரி தண்டவாளத்தைப் பெயர்ப்பதில் தொடங்கியிருந்தால் எவ்வளவு நல்ல ஆட்டம்!

நிஜத்திலும் எந்தக் கருவியும் தனியாக வருவதில்லை. 1780 பொள்ளிலூர்ப் போரில் கம்பெனிப் படை மேல் மைசூர் ராக்கெட் பாய்ந்தது. இரும்புக் குழாயில் மருந்தை அடைத்து மூங்கிலில் கட்டியது. அதற்குப் பின்னால் இரும்பு அடிப்பவர், வெடியுப்பு காய்ச்சுபவர், எய்யப் பழகிய தனிப்படை என்று பெரிய கூட்டமே இருந்தது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஆங்கிலேயர் அந்த ராக்கெட்டுகளைக் கொண்டுபோனார்கள். அவற்றைப் பார்த்துத்தான் ஆங்கிலேயரின் காங்கிரீவ் ராக்கெட் உருவானது. ஆகவே ஒரு கருவியை இறக்கும் முன் எழுதிவையுங்கள்: இதைச் செய்வது யார், இதனால் பிழைப்பு போனது யாருக்கு, எதிரி இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறான்.

துப்பாக்கிக்கு மட்டும் எக்கச்சக்க டேமேஜ் (எதிரிக்கு விழும் அடி)

வேண்டாம். வில்லாளி ஆடுபவருக்கு வேலையே இருக்காது.

பெயரைச் சொல்லிவிடுவது

"லேசர் துப்பாக்கி கிடக்கிறது" என்றால் மர்மம் போச்சு. உள்ளங்கையில் அடங்குகிறது, எலும்பு வெள்ளை, தொட்டால் இளஞ்சூடு, ஓரத்தில் விரல் பதியும் பள்ளம் என்று மட்டும் சொல்லுங்கள். கைகாக்ஸ் அந்தச் சாகசத்தில், அறிமுகமில்லாத கருவியை வீரர்கள் தட்டித் தடவிக் கண்டுபிடிக்கத் படிப்படியாகப் போகும் தனி ஃப்ளோ சார்ட்டே கொடுத்திருக்கிறார். தப்பான முனையைத் தன் பக்கம் திருப்பி அழுத்தினால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் அழுத்துவார்.